காசிமேட்டுக்கும் தங்கசாலைக்கும் எடுத்துப்போக ஒரு சின்ன கேமரா

தெருவில் படம் எடுக்கவும் ஊர் சுற்றும்போது கொண்டுபோகவும் கம்மி விலையில் ஒரு சின்ன கேமரா சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எடுக்கப்போகிற ஆளுக்கும் உங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கும்? அக்கா பையன் முப்பத்தைந்தாயிரம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து கேட்டபோதும் இதைத்தான் கேட்டேன். மெகாபிக்சல், 4கே, யூடியூபில் பார்த்த ஒப்பீடுகள் என்று எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது, இதற்கு மட்டும் "அதெல்லாம் ஜூம் பண்ணிக்கலாம் மாமா" என்றான். ஜூம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குகிற கேமரா வேறு, பக்கத்தில் போய் நிற்பேன் என்று முடிவு பண்ணி வாங்குகிற கேமரா வேறு. எடை, விலை, லென்ஸ் எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகிறது.

நான் வடசென்னையில் தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் பக்கத்தை ரொம்ப காலமாகத் தூரத்தில் நின்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேடு துறைமுகத்துக்குப் போனால் தெரியும். மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு வெளியே, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டி எடுப்பார்கள். எடுக்கப்படுகிறவர்களுக்கு அது தெரியாது என்று அவர்கள் நினைப்பு. நன்றாகத் தெரியும். "எந்த சேனலுப்பா?" என்று ஒரு குரல் வரும், பிறகு அந்த வரிசையில் இருக்கிற எல்லோருடைய முகமும் மாறிவிடும். நீள லென்ஸ் பின்னால் இருப்பதையெல்லாம் முன்னால் இழுத்து நெருக்கிவைக்கும், அதனால் கூட்டம் இருப்பதைவிடப் பெரிய நெரிசலாகத் தெரியும், ஆட்கள் யாரோ ஒளிந்திருந்து பார்த்ததுபோல் விழுவார்கள். அந்தப் படத்துக்குக் கீழே ரவுடி, குப்பை, வறுமை என்று எதை எழுதினாலும் பொருந்திவிடும், ஏனென்றால் எடுத்தவர் அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. அந்தத் தூரம் படத்தில் தெரிகிறது, அது எனக்கு வலிக்கிறது.

கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஆறடி ஆள் ஒருவரைப் படுக்கைவாட்டுப் படத்தில் தலையிலிருந்து கால் வரை அடக்க வேண்டும் என்றால், 28 மில்லிமீட்டர் கோணமுள்ள லென்ஸுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போதும். 40-க்கு மூன்று மீட்டர். 200-க்குப் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அதாவது தெருவுக்கு அந்தப் பக்கம். (இந்த 28, 40 எல்லாம் பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கணக்கில் சொல்வது, எண் குறையக் குறையக் கோணம் அகலம். சென்சார், அதாவது படத்தைப் பதிகிற சில்லு, சின்னதாக இருக்கிற கேமராவில் லென்ஸ் மீது வேறு எண் போட்டிருக்கும், கடைக்காரரிடம் "ஃபுல் ஃபிரேம் கணக்கில் எவ்வளவு?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்.) இரண்டு மூன்று மீட்டர் என்பது பேசுகிற தூரம். அவர் "இன்னாத்துக்கு எடுக்குற?" என்று கேட்டால் கத்தாமல் பதில் சொல்ல முடியும். அதனால் என் கணக்கில் 28-லிருந்து 40-க்குள் ஏதோ ஒரு கோணம், அதை எட்டுகிற சின்ன கேமரா, அவ்வளவுதான் தேவை. 30 மடங்கு ஜூம், 60 மடங்கு ஜூம் என்று ஒட்டி விற்கிற பாயிண்ட் அண்ட் ஷூட் எதையும் இதற்கு வாங்க வேண்டாம். பழவேற்காட்டில் பூநாரை எடுக்கணும் என்றால் அது வேறு விஷயம், அதற்கு வேறு கேமரா.

இவ்வளவு பக்கத்தில்தான் நிற்கப்போகிறோம் என்றால் போன் போதாதா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இன்றைய போன்களின் முக்கிய கேமரா பெரும்பாலும் 24, 26 மில்லிமீட்டர் கோணம்தான். வெயிலில் அருமையாக எடுக்கும். ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு அது உதவவில்லை. ஒன்று, பட்டனை அழுத்துகிற நொடிக்கும் படம் விழுகிற நொடிக்கும் நடுவில் போன் தானாக ஏதோ செய்துகொண்டிருக்கும், பல படங்களை அடுக்கிச் சேர்க்கும், நகர்கிற ஆளின் கை இரண்டாகக் குழம்பும். இன்னொன்று தோல் நிறம், இதுதான் பெரியது. காசிமேட்டில் மீன் வெட்டித் தருகிற அக்கா ஒருவரை வெயில் ஏறிய பிறகு எடுத்தேன், முதலில் போனில். அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து சங்கரா செதில் எடுத்துக்கொண்டிருந்தார், செதில் அவர் முழங்கை வரை ஒட்டியிருந்தது, நெற்றியில்கூட ஒன்று. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். "இது நான் இல்லப்பா, வேற யாரோ. வெள்ளையா இருக்குது பாரு" என்றார். போன் அவர் முகத்தை ஒரு சுற்று வெளுத்து, கன்னத்தை வழவழப்பாக்கி, நெற்றியில் இருந்த செதிலையும் மழுப்பியிருந்தது. அதே இடத்தில் அடுத்து கேமராவில் எடுத்ததில் செதில் செதிலாக இருந்தது, வியர்வை வியர்வையாக இருந்தது, அவர் நிறம் அவர் நிறமாக இருந்தது. "ஆங், இது நான்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் பக்கத்து ஆட்களை அவர்கள் நிறத்திலேயே எடுப்பது என்னைப் பொறுத்தவரை கட்டாயம். அதற்காகவே தனியாக ஒரு கேமரா வாங்கலாம்.

சரி, எந்தக் கேமரா?

மனசைத் திறந்து சொன்னால் இந்த வேலைக்கென்றே பிறந்தது ரிக்கோ ஜிஆர் வரிசைதான். ஃபிலிம் காலத்தில் 1996-ல் ஜிஆர்1 என்று ஆரம்பித்தார்கள், ஜப்பானின் தெருப் புகைப்படக்காரர் டைடோ மோரியாமா தெருத்தெருவாக அலைந்து எடுத்ததில் இந்த வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. டிஜிட்டலில் ஏபிஎஸ்-சி என்கிற பெரிய அளவு சென்சாரோடு 2013-ல் ஜிஆர், 2015-ல் ஜிஆர் 2, 2019-ல் ஜிஆர் 3, 2021-ல் 40 மில்லிமீட்டர் கோணத்தோடு ஜிஆர் 3எக்ஸ், 2025-ல் ஜிஆர் 4. எக்ஸ் தவிர மற்றதெல்லாம் 28. ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம், சட்டைப் பையில் போகும், ஆன் பண்ணி ஒரு நொடிக்குள் தயார். வெளியிலிருந்து பார்த்தால் பத்து வருஷப் பழைய டப்பா கேமரா மாதிரிதான் தெரியும், அதனால் எந்த சேனல் என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1, 1.5, 2 மீட்டர் என்று ஒரு தூரத்தை முன்கூட்டியே வைத்துவிடலாம். பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடாது, வைத்த தூரத்தில் உடனே எடுத்துவிடும். 2 மீட்டர் வைத்து, லென்ஸின் திறப்பை எஃப்/8-க்குச் சுருக்கி எடுத்தால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாம் தெளிவாக விழும். தங்கசாலையில் எதிரில் மீன்பாடி வண்டி, பின்னால் தலையில் துணி மூட்டையோடு ஒருவர், நடுவில் ஒரு ஸ்கூட்டர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வருகிற இடத்தில் ஃபோகஸ் தேடிக்கொண்டு நின்றால் கதை முடிந்துவிடும். ஸ்னாப் ஃபோகஸில் நம் வேலை தூரத்தை மனசில் வைத்துக்கொள்வது மட்டும்.

குறையும் உண்டு. ஜிஆர் 3-ன் பேட்டரி ஒரு சார்ஜுக்கு 200 படம் என்றுதான் அந்த நிறுவனமே சொல்கிறது, இரண்டு உபரி பேட்டரி இல்லாமல் ஊருக்குக் கிளம்ப முடியாது. திரை அசையாது, கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது, மே மாத மதியம் ராயபுரம் பாலத்து மேல் நின்று திரையைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரியது தூசி. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது காற்றை இழுக்கும், கூடவே தூசியும் சென்சாரில் போய் உட்காரும், லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் நாமே துடைக்க வழியில்லை. எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றில் இருக்கிற இடங்களில் இதை வெளியே எடுக்கும்போதெல்லாம் எனக்கு யோசனையாகவே இருக்கும். விலையும் ஏறிக்கொண்டே போகிறது. புதியது என்றால் அக்கா பையனுடைய பட்ஜெட்டுக்கு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். முதல் ஜிஆரோ ஜிஆர் 2-வோ பழையதாக, தூசி இல்லாமல், பட்ஜெட்டின் விளிம்பில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். 16 மெகாபிக்சல்தான், போதும். அவற்றில் உள்ளேயே ஒரு சின்ன ஃபிளாஷும் இருக்கிறது, ஜிஆர் 3-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஃபியூஜி எக்ஸ்100 வரிசையைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். அழகான கேமரா, விலை லட்சத்துக்கு மேலே. இந்தப் பட்ஜெட்டில் அது பேச்சே இல்லை, நகர்ந்துவிடலாம்.

சோனி ஆர்எக்ஸ்100 பட்ஜெட்டுக்குள் வரும். 2012-ல் முதல் மாடல் வந்தது, ஒரு இன்ச் சென்சார், 20 மெகாபிக்சல், 240 கிராம். சாதாரண சின்ன கேமராக்களின் சென்சாரைவிட நான்கு மடங்கு பரப்பு. 28-ல் எஃப்/1.8 வரை திறக்கும் (எண் சின்னதானால் திறப்பு பெரிது), சாயங்காலம் வரை தாங்கும். 2014-ல் வந்த மூன்றாவது மாடலில் 24-லிருந்து 70 வரை லென்ஸ், கூடவே மேலே எழும்பி வருகிற ஒரு குட்டி வியூஃபைண்டர், பயணத்துக்கு அது ரொம்ப வசதி. போன் சார்ஜரிலேயே, பவர் பேங்கிலேயே சார்ஜ் ஏறும். ஷட்டர் சத்தமே கேட்காது. ஆனால் ஆன் பண்ணினால் லென்ஸ் நீண்டு வந்து தயாராக இரண்டு நொடி ஆகிறது, உடம்பு சோப்பு மாதிரி வழுக்குகிறது, வியர்த்த கைக்கு ஒரு கிரிப் ஒட்டினால்தான் சரி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கு வந்த சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது. பழைய சாமான் கடைகளில் இது நிறைய வருகிறது. காசு கொடுப்பதற்கு முன்னால் மெனுவில் மொழி மாற்றும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமராவில் சின்னதாக வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து நம் பணத்துக்கு மூன்று. சோனி ஏ6000, 2014-ல் வந்தது, 24 மெகாபிக்சல், இன்றைக்கும் வேகம். அதோடு வருகிற 16-50 ஜூம் லென்ஸை விட்டுவிட்டு செவன் ஆர்ட்டிசன்ஸ் 25 மில்லிமீட்டர் போல கையாலேயே ஃபோகஸ் திருப்புகிற ஒரு மலிவான மேனுவல் லென்ஸ் மாட்டினால் ஜிஆரின் ஸ்னாப் ஃபோகஸ் கையிலேயே வந்துவிடும், அது கிட்டத்தட்ட 38 கோணம். லென்ஸ் மேலேயே தூரம் எழுதியிருக்கும், 3 மீட்டரில் வைத்து எஃப்/8-ல் விட்டால் ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து பன்னிரண்டு மீட்டருக்கு மேல் வரை தெளிவு. ஏ6000-ல் எனக்குப் பிடிக்காதது சத்தம். 'டக்'கென்று அடிக்கும், சத்தமில்லாத ஷட்டர் அதில் கிடையாது. காசிமேட்டு ஏலச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, கந்தகோட்டம் முருகன் கோயிலுக்கு வெளியே பூக்கட்டுகிறவர் பக்கத்தில் கேட்கும். இரண்டாவது கேனன் எம்50, கூடவே 22 மில்லிமீட்டர் எஃப்/2 லென்ஸ், 35 கோணம், நிறம் அழகாக வரும். கேனன் அந்த எம் வரிசையையே நிறுத்திவிட்டது, அதனால்தான் விலை இறங்கியிருக்கிறது. யூஎஸ்பியில் சார்ஜ் ஏறாது.

மூன்றாவது ஒலிம்பஸ் இ-எம்10, முக்கியமாக 2015-ல் வந்த இரண்டாவது மாடல். இதைத்தான் நான் அதிகம் சொல்வது. நம் ஊரில் ஒலிம்பஸ் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், அந்த நிறுவனம் கேமரா தொழிலையே விற்றுவிட்டதே என்பார்கள். விற்றது உண்மை, 2021-லிருந்து ஓஎம் என்ற பேரில் நடக்கிறது, லென்ஸ்கள் தொடர்ந்து வருகின்றன, பேனசோனிக் லென்ஸும் இதில் மாட்டும். உடம்பு பேட்டரியோடு 390 கிராம். உடம்புக்குள்ளேயே கை ஆட்டத்தைச் சமாளிக்கிற ஐந்து அச்சு நிலைப்படுத்தல், கண்ணில் வைத்துப் பார்க்க வியூஃபைண்டர், மேலே மடங்குகிற திரை. இந்த மடங்குகிற திரை ஏன் முக்கியம் என்றால் எங்கள் பக்கத்தில் வியாபாரம் பண்ணுகிற பெண்கள் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நின்றபடி எடுத்தால் எல்லோரும் நமக்குக் கீழே, அண்ணாந்து பார்க்கிற மாதிரியே விழுவார்கள். குந்தி உட்கார்ந்துகொண்டு கேமராவை இடுப்பளவில் பிடித்து, திரையை மடக்கிக் குனிந்து பார்த்து எடுத்தால் அவர்கள் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்தில் இருக்கும், நம் முகமும் மறையாது, பேசிக்கொண்டே எடுக்கலாம். இதில் பேனசோனிக் 14 மில்லிமீட்டர் எஃப்/2.5 என்ற தட்டை லென்ஸ், 55 கிராம்தான், 28 கோணம். அல்லது ஒலிம்பஸ் 17 எஃப்/1.8, 34 கோணம், வளையத்தைப் பின்னால் இழுத்தால் தூர அளவு தெரியும், அது கொஞ்சம் விலை. சென்சார் சின்னது என்பதால் ராத்திரியில் ஏபிஎஸ்-சியைவிட ஒரு படி சொரசொரப்பாக வரும். எனக்கு அது உறுத்தவில்லை.

இன்ஸ்டாகிராம் பார்த்துவிட்டு 2005, 2008 காலத்துப் பழைய டிஜிகேம் தேடி அலைகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பகலில் அந்த நிறம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது ஃபிளாஷ் இல்லாமல் ஒன்றும் எடுக்காது. பல பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி டிஜிகேம்களுக்கு எக்ஸ்டி என்ற மெமரி கார்டு வேண்டும், அந்தக் கார்டு தயாரிப்பே நின்றுபோய் எத்தனையோ வருஷம். மூர் மார்க்கெட்டில் கேமரா மட்டும் சும்மா கிடைக்கிற மாதிரி கிடைக்கும், கார்டுக்கு அலைவீர்கள்.

பழையது வாங்குவது என்று முடிவானால் எங்கே? பாரிமுனையில் பர்மா பஜார், 1969-லிருந்து பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்கள் கட்டி எழுப்பிய கடைவரிசை, பீச் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே. மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு. இல்லையென்றால் கல்யாணம் எடுக்கிற போட்டோகிராபர் யாராவது பழசை மாற்றும்போது நேராக வாங்குவது, என் கணக்கில் இதுதான் உத்தமம். அவர்கள் பொருளைக் கண்ணாக வைத்திருப்பார்கள், பில்லும் இருக்கும். பில் இல்லாமல், பெட்டி இல்லாமல் ரொம்ப மலிவாக ஒன்று வந்தால் அது யாரோ தொலைத்ததாக இருக்கலாம், சீரியல் எண் பில்லோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கடலோர ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஃபங்கஸ், லென்ஸ் கண்ணாடியில் படர்கிற பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றுக்கு, பீரோவுக்குள் தோல் உறையில் போட்டு மாசக்கணக்கில் எடுக்காமல் வைத்த லென்ஸில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, முழுசாகத் திறந்து, பின்பக்கமாக போன் டார்ச்சை அடித்து முன்னாலிருந்து கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். மெல்லிசாக நூல் நூலாகக் கிளை பிரிந்து போயிருந்தால் அதுதான், வாங்க வேண்டாம், "துடைச்சா போயிடும் தம்பி" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தூசித் துகள் நாலைந்து இருந்தால் பரவாயில்லை. அடுத்து எஃப்/16 வைத்து வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. கழற்றுகிற கேமராவில் அதைத் துடைக்கலாம், ஜிஆர், ஆர்எக்ஸ்100-ல் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். லென்ஸ் நீண்டு வருகிற மாடல் என்றால் கடையில் நின்றபடியே பல தடவை ஆன், ஆஃப் பண்ணுங்கள், கரகரவென்று சத்தமோ சிக்கலோ இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். பேட்டரியை எடுத்து சமமான கண்ணாடி மேல் வைத்தால் உப்பியிருப்பது தெரியும்.

வாங்கிய பிறகு மூடினால் காற்று போகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற வகை என்றால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். பெரிய செலவு கிடையாது. காசிமேட்டிலிருந்து வந்த அன்றைக்கே லேசாக ஈரப்படுத்திப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு முறை. துடைக்காமல் விட்டால் மறுநாள் டயல் இடுக்கில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸ் பனித்துவிடும், பையை மூடியபடியே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அப்புறம் எடுங்கள், அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு இந்த விலைக் கேமரா எதுவும் தாங்காது, ஒரு ஜிப் கவர் பையில் இருக்கட்டும்.

செட்டிங் பற்றிச் சுருக்கமாக. பீப் சத்தத்தை நிறுத்துங்கள். ஃபோகஸுக்கு முன்னால் எரிகிற அந்த ஆரஞ்சு விளக்கையும் நிறுத்துங்கள், முகத்தில் அடித்தால் யாருக்குத்தான் பிடிக்கும். பகலில் எஃப்/8, ஷட்டர் நொடியில் 500-ல் ஒன்று, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சார் வெளிச்சத்தை உணர்கிற அளவை, தானாக விட்டுவிடலாம். இருட்டில் தங்கசாலை, அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகள் பக்கம் என்றால் லென்ஸை முழுசாகத் திறந்து 125-ல் ஒன்று, ஐஎஸ்ஓ 3200, 6400 வரை போகட்டும், படம் ஆடுவதைவிடச் சொரசொரப்பு மேல். விடியற்காலை காசிமேட்டில் எல்இடி விளக்கு எரியும்போது சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது, அதனால் சாதாரண ஷட்டருக்கு மாறி 100-ல் ஒன்று அல்லது 50-ல் ஒன்று வைத்தால் சரியாகிவிடும். வெள்ளைச் சட்டை போட்ட கறுத்த மனிதர் உச்சி வெயிலில் நின்றால் கேமரா குழம்பும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, அரைப் படி குறைத்து, கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள், சட்டை வெளிறாது, முகத்தை வீட்டில் வந்து வேண்டிய அளவு மட்டும் தூக்கலாம். வெள்ளையாக்காதீர்கள்.

கழுத்து வாரை விட்டுவிட்டு மணிக்கட்டு வாருக்கு மாறினால் ஆள் பார்க்கவே சாதாரணமாக இருப்பீர்கள். துறைமுக கேட், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்ற பாதுகாப்பு இடங்களில் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது, சின்ன கேமரா என்பது அங்கே சாக்கு ஆகாது. யாராவது வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டுக் காட்டுங்கள்.

அக்கா பையன் கடைசியில் அந்த ஒலிம்பஸ் இரண்டாவது மாடலும் 14 லென்ஸும்தான் வாங்கினான். திருவொற்றியூரில் கல்யாணம் எடுக்கிற அண்ணன் ஒருவர் ஊர் சுற்றுவதற்கென்று வைத்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது, பில்லும் கொடுத்தார். இன்னொரு பேட்டரி, கார்டு, டப்பா எல்லாம் போக அவன் கையில் கொஞ்சம் மிச்சம். அதை ஃபில்டர் வாங்க வைத்திருந்தான், நான் விடவில்லை. பிரிண்டுக்கு ஒதுக்கச் சொன்னேன். வண்ணாரப்பேட்டையில் 4-க்கு 6 சைஸில் பிரிண்ட் போட்டுத் தருகிற ஸ்டூடியோக்கள் இன்னும் இருக்கின்றன. யாரை எடுத்தாலும் அடுத்த வாரம் போகும்போது அவர்கள் படத்தை ஒரு காப்பி கொண்டுபோய்க் கையில் கொடு, பேரைக் கேட்டுப் பின்னால் எழுதிக் கொடு என்றேன். இரண்டாவது தடவை போகும்போது அவர்களே கூப்பிடுவார்கள், "இன்னாப்பா, எங்க பொண்ணையும் ஒன்னு எடு" என்று. அந்தப் படம் எவ்வளவு ஜூம் போட்டாலும் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைக்காது.